1939 காங்கிரஸ் தலைவர் தேர்தல்: வென்ற வாக்குகளும் ஐயத்துக்குள்ளான வாக்குகளும்

இந்திய தேசிய காங்கிரசின் திரிபுரி மாநாட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1939 ஜனவரி 29 அன்று மாகாணந்தோறும் வாக்கெடுப்பு நடைபெற்றது. சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகளும், ஆந்திரத்தைச் சேர்ந்த பட்டாபி சீதாராமையா 1,377 வாக்குகளும் பெற்றனர். 203 வாக்குகள் வேறுபாட்டில் போஸ் வெற்றி பெற்றார். சரியாக மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

வென்றவர் ஏன் விலக நேர்ந்தது என்பதே இத்தேர்தலைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கேள்வி. இதைக் காந்திக்கும் போசுக்கும் இடையிலான கருத்து மோதலாக மட்டும் பாடநூல்கள் சொல்வதுண்டு. அந்த மோதல் உண்மைதான். ஆயினும் இது ஒரு கட்சித் தேர்தலும் ஆகும். யாருக்கு வாக்குரிமை இருந்தது, உறுப்பினர் பட்டியல் எவ்வளவு நம்பகமானது, வேட்பாளர்கள் எவ்வகை உத்திகளைக் கையாண்டனர், வென்ற பதவிக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது ஆகிய கேள்விகளை வைத்துப் பார்த்தால்தான் நிகழ்வு முழுமையாக விளங்கும்.

தேர்தல் நடந்த முறை

காங்கிரஸ் தலைவரை நாட்டு மக்களோ, கட்சியின் எல்லா உறுப்பினர்களுமோ நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்தல் இரண்டு படிகளாக நடந்தது. ஆண்டுக்கு நாலணா சந்தா கட்டியவர் காங்கிரசின் அடிப்படை உறுப்பினர் ஆனார். இந்த நாலணா உறுப்பினர்கள் தத்தம் பகுதியில் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். அப்பிரதிநிதிகள் தங்கள் மாகாணத்திலேயே வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 1939-இல் பதிவான ஏறத்தாழ 2,950 வாக்குகளும் இப்பிரதிநிதிகளின் வாக்குகளே.

இம்முறையில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. பிரதிநிதியின் வாக்கு செல்லுமா செல்லாதா என்பது, அவரைத் தேர்ந்தெடுத்த நாலணா உறுப்பினர் பட்டியல் சரியானதா என்பதைப் பொறுத்தது. அடித்தளப் பட்டியலில் போலிப் பெயர்கள் இருந்தால், அந்தக் குறை மேல்மட்ட வாக்கெடுப்பு வரை வந்து சேரும். ஆனால் மேல்மட்டத்தில் பதிவான வாக்குச்சீட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது.

காந்திய காலத்தில் தலைவர் பதவிக்குப் போட்டி வருவதே அரிது. மூத்த தலைவர்கள் கலந்து பேசி ஒருவரை முடிவு செய்வர். மாகாணங்கள் அதை ஏற்கும். தலைவர் யார் என்பதில் கட்சி வெளிப்படையாக மோதிக்கொண்ட பழைய நிகழ்வு 1907-இல் சூரத்தில் நடந்தது. அம்மாநாட்டில் மிதவாதிகள் ராஷ் பிகாரி கோஷை நிறுத்த, திலகர் தரப்பினர் லாலா லஜபதி ராயை விரும்பினர். மாநாடு கலவரத்தில் முடிந்து கட்சி பிளவுபட்டது. அந்த நினைவும் போட்டியைத் தவிர்க்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

உறுப்பினர் பெருக்கமும் போலிப் பெயர்களும்

1936 வாக்கில் காங்கிரசின் அடிப்படை உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 5 இலட்சம். 1939-இல் அது 45 இலட்சத்தை எட்டியது. மூன்று ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த ஒன்பது மடங்கு வளர்ச்சிக்குப் பின்னால் 1937 மாகாணத் தேர்தல்கள் இருந்தன. சென்னை, பம்பாய், ஐக்கிய மாகாணம், பீகார் உள்ளிட்ட மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தன. சிறை செல்லும் கட்சியாக இருந்த காங்கிரஸ் ஆளும் கட்சியாகவும் மாறியது. அதனால் கட்சியின் உள்ளூர்ப் பதவிகளுக்கு மதிப்பு கூடியது.

மதிப்பு கூடியதும் போட்டியும் கூடியது. அதிக உறுப்பினர்களைச் சேர்ப்பவர் அதிகப் பிரதிநிதிகளைப் பெற்றார். அதிகப் பிரதிநிதிகளைப் பெற்றவர் மாவட்ட, மாகாணக் குழுக்களைக் கைப்பற்றினார். நாலணா என்பது சிறு தொகை. வசதி உள்ள ஒருவர் பலருடைய சந்தாவைத் தாமே கட்டிவிட முடிந்தது. இல்லாத ஆட்களின் பெயர்களும் பட்டியலில் ஏறின. இக்குறையை 1938-லேயே காந்தியடிகள் தமது இதழில் கண்டித்து எழுதிவந்தார். போலி உறுப்பினர் சேர்க்கை எந்த ஒரு தரப்பின் தவறு மட்டுமன்று. பதவிக்காக மோதிய உள்ளூர்க் குழுக்கள் பலவற்றிலும் அது பரவியிருந்தது.

போட்டி உருவான விதம்

1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த மாநாட்டுக்குப் போஸ் போட்டியின்றித் தலைவரானார். காந்தியடிகளின் ஒப்புதலுடனேயே அது நடந்தது. அந்த ஆண்டில் நேருவைத் தலைவராகக் கொண்டு தேசியத் திட்டக் குழுவை அவர் அமைத்தார். ஆண்டு முடிவில் இரண்டாம் முறையும் தலைவராக இருக்க அவர் விரும்பினார்.

அப்போது கட்சியின் முன் நின்ற பெரிய சிக்கல், 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கூட்டாட்சித் திட்டம். மாகாணங்களில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற காங்கிரஸ், மத்தியில் சமஸ்தான மன்னர்களுடன் சேர்ந்து அமையவிருந்த கூட்டாட்சியை எதிர்த்தது. ஆனால் மூத்த தலைவர்களில் சிலர் ஆங்கிலேய அரசுடன் சமரசத்துக்கு வரக்கூடும் என்ற ஐயம் இடதுசாரிகளிடம் இருந்தது. ஐரோப்பாவில் போர் மூளும் சூழலில் பிரிட்டனுக்குக் கெடு விதிக்க வேண்டும் என்பது போசின் நிலைப்பாடு.

காந்தியடிகளும் செயற்குழுவின் மூத்த உறுப்பினர்களும் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தைத் தலைவராக்க எண்ணினர். ஆசாத் தம் பெயரை விலக்கிக்கொண்டு பட்டாபி சீதாராமையாவுக்கு ஆதரவு தெரிவித்தார். இதனால் வாக்கெடுப்புக்குச் சில நாட்களே இருக்கும் நிலையில் பட்டாபி முதன்மை வேட்பாளரானார். மசூலிப்பட்டினத்தில் மருத்துவராகத் தொழில் தொடங்கிய பட்டாபி, 1923-இல் ஆந்திரா வங்கியை நிறுவியவர். காங்கிரசின் வரலாற்றை எழுதியவர். ஆந்திரத்துக்கு வெளியே, போசுக்கு இருந்த அளவு மக்கள் செல்வாக்கு அவருக்கு இல்லை.

இரு தரப்பின் உத்திகள்

போஸ் தம் போட்டியை ஆட்களுக்கிடையேயான போட்டியாக அன்றிக் கொள்கைப் போட்டியாக முன்வைத்தார். கூட்டாட்சியை உறுதியாக எதிர்ப்பவர் தலைவராக வேண்டும். ஆச்சார்ய நரேந்திர தேவ் போன்ற ஒருவரை மூத்த தலைவர்கள் ஏற்றால் தாம் விலகத் தயார் என்றார். இது அறிந்து செய்யப்பட்ட உத்தி. தாம் பதவி ஆசையால் நிற்கவில்லை என்று காட்டவும், எதிர்த்தரப்பைக் கூட்டாட்சிச் சிக்கலில் விளக்கம் சொல்லும் நிலைக்குத் தள்ளவும் அது உதவியது.

ஜனவரி 24 அன்று செயற்குழு உறுப்பினர்கள் ஏழு பேர் பர்தோலியிலிருந்து கூட்டறிக்கை வெளியிட்டனர். வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத், ஜெயராம்தாஸ் தௌலத்ராம், ஆச்சார்ய கிருபளானி, ஜம்னாலால் பஜாஜ், சங்கர்ராவ் தேவ், பூலாபாய் தேசாய் ஆகியோர் அதில் கையெழுத்திட்டிருந்தனர். சிறப்பான காரணம் இல்லாமல் ஒருவரை மீண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது, கட்சியின் கொள்கையைத் தலைவர் அல்ல, மாநாடும் செயற்குழுவுமே முடிவு செய்கின்றன, ஆகவே போஸ் போட்டியிலிருந்து விலகிப் பட்டாபியை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க விடவேண்டும் என்பது அதன் சாரம்.

போஸ் இதற்கு இரண்டு விடைகள் அளித்தார். முதலாவது: இரு சக உறுப்பினர்கள் போட்டியிடும்போது செயற்குழுவினர் கூட்டாக ஒரு பக்கம் சேர்வது முறையாகாது. இரண்டாவது: காங்கிரஸ் தலைவர் வெறும் அவைத் தலைவர் அல்லர். தமது அமைச்சரவையைத் தாமே அமைக்கும் பிரதமரைப் போன்றவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவரைப் போன்றவர்.

இவ்விரண்டாம் கருத்தில்தான் பின்னர் எல்லாம் அடங்கியிருந்தது. தலைவர் பதவியின் அதிகாரம் என்ன என்பதில் இரு தரப்பும் ஒத்த கருத்தில் இல்லாமலேயே அப்பதவிக்கான வாக்கெடுப்பு நடந்தது. போசுக்கு வாக்களித்த பிரதிநிதி எதற்காக வாக்களித்தார் என்பதிலும் அதனால் தெளிவில்லை.

மாகாணவாரி முடிவு

முடிவு மாகாணத்துக்கு மாகாணம் பெரிதும் வேறுபட்டது. வங்கத்தில் போசுக்கு 400-க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. பஞ்சாப், ஐக்கிய மாகாணம், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றிலும் அவர் முன்னணியில் இருந்தார். படேலின் குஜராத், ராஜேந்திர பிரசாதின் பீகார், பட்டாபியின் சொந்த ஆந்திரம், ஒரிசா ஆகியவை பட்டாபி பக்கம் நின்றன. குஜராத்தில் போசுக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளே.

தமிழ்நாட்டின் முடிவு கவனிக்கத்தக்கது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அவர் மூத்த தலைவர்களின் அணியைச் சேர்ந்தவர். இருந்தும் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தனர்; சிறு வேறுபாட்டில் போசுக்கே கூடுதல் வாக்குகள் கிடைத்தன. முத்துராமலிங்கத் தேவர் போசை ஆதரித்தார். ராஜாஜியின் ஆட்சியையும் கட்சிக்குள் அவருடைய செல்வாக்கையும் விரும்பாத காங்கிரஸ்காரர்கள் தமிழ்நாட்டில் இருந்தனர். அவர்களுக்கு இத்தேர்தல் ஒரு வாய்ப்பாக அமைந்தது. ஒரு வாக்கு கூட்டாட்சிக்கு எதிரானதாகவோ, போசின் மீதான அன்பாகவோ, உள்ளூர்த் தலைமையின் மீதான கசப்பாகவோ இருக்கலாம். எண்ணும்போது மூன்றும் ஒன்றாகவே எண்ணப்பட்டன.

காந்தியடிகளின் அறிக்கை

ஜனவரி 31 அன்று காந்தியடிகள் வெளியிட்ட அறிக்கை புகழ்பெற்றது. பட்டாபியைப் போட்டியில் நிலைக்கச் சொன்னவர் தாமே என்பதால், பட்டாபியின் தோல்வி அவருடையதைவிடத் தம்முடையதே என்று அதில் கூறினார். பலரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பகுதியை மட்டுமே.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. காங்கிரஸ் பதிவேடுகளில் போலி உறுப்பினர்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் இருப்பதாக அவர் சுட்டிக்காட்டினார். முறையாகச் சரிபார்த்தால், அத்தகைய வாக்குகளின் பலத்தில் வந்த பிரதிநிதிகள் பலர் இடமிழப்பார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்றார். ஆனால் அப்படிப்பட்ட கடுமையான நடவடிக்கையைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்றும் சொன்னார். போஸ் தமக்கு இசைந்த செயற்குழுவை அமைத்துக்கொண்டு தம் திட்டத்தை நடத்தலாம். உடன்பட இயலாதவர்கள் வெளியேறலாம் என்பது அவர் முடிவு.

இதில் இரண்டு விதமான கருத்துகள் உண்டு. ஐயத்துக்குள்ளான வாக்குகளைக் காரணம் காட்டி முடிவை மாற்ற முயலாதது காந்தியடிகளின் நேர்மை என்பது ஒன்று. குற்றத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விசாரணையைத் தவிர்த்ததால், வெற்றியின் மீது நிழல் விழுந்தது. அது நிரூபிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் வழியில்லை என்பது மற்றொன்று. 203 வாக்கு வேறுபாடு, மொத்த வாக்கில் சுமார் 7 விழுக்காடு. போலி உறுப்பினர்கள் இரு தரப்பிலும் இருந்திருக்கக் கூடியவர்கள். ஆகவே பட்டியலைத் திருத்தினால் முடிவு மாறியிருக்கும் என்றோ மாறியிருக்காது என்றோ அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

திரிபுரி மாநாடு

பிப்ரவரி 15 அன்று போஸ் சேவாகிராமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். உடன்பாடு ஏற்படவில்லை. அம்மாதம் 22 அன்று வார்தாவில் கூடவிருந்த செயற்குழுக் கூட்டத்துக்கு உடல்நலக் குறைவால் போஸ் வர இயலவில்லை. அந்நிலையில் செயற்குழு உறுப்பினர்கள் 12 பேர் பதவி விலகினர். நேரு அவர்களுடன் கையெழுத்திடாமல் தனி அறிக்கை வெளியிட்டார்.

மார்ச் 10 முதல் ஜபல்பூர் அருகிலுள்ள திரிபுரியில் மாநாடு நடந்தது. போஸ் கடும் காய்ச்சலோடு படுக்கையில் கிடத்தப்பட்டே மாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய தலைமையுரையை அண்ணன் சரத் சந்திர போஸ் வாசித்தார். ஆங்கிலேய அரசுக்கு ஆறு மாதக் கெடு விதிக்க வேண்டும் என்பது உரையின் மையக் கோரிக்கை. ராஜ்கோட் சமஸ்தானச் சிக்கலுக்காக உண்ணாநோன்பு இருந்து முடித்திருந்த காந்தியடிகள் மாநாட்டுக்கு வரவில்லை.

அங்குதான் ஐக்கிய மாகாணப் பிரதமர் கோவிந்த வல்லப பந்த் தம் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காந்தியடிகளின் தலைமையில் இதுவரை நடந்த கொள்கைகளில் நம்பிக்கை தெரிவித்த அத்தீர்மானம், அவருடைய விருப்பத்துக்கு ஏற்பவே தலைவர் செயற்குழுவை நியமிக்க வேண்டும் என்றது. விடயக் குழுவில் 218 வாக்குகள் ஆதரவாகவும் 135 வாக்குகள் எதிராகவும் பதிவாயின. பொது மாநாட்டிலும் அது நிறைவேறியது. தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் ராஜாஜியும் ஒருவர். நருமதை ஆற்றின் கரையில் கூடியிருந்த பிரதிநிதிகளிடம், காந்தி செலுத்தும் பழைய பெரிய படகை விட்டுவிட்டு ஓட்டையுள்ள புதிய படகில் ஏற வேண்டாம் என்ற பொருளில் அவர் பேசினார்.

ஜனவரியில் போசைத் தேர்ந்தெடுத்த அதே பிரதிநிதிகள் அவை, மார்ச்சில் அவர் கைகளைக் கட்டும் தீர்மானத்தை எப்படி நிறைவேற்றியது? முதற் காரணம், காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியினர். தலைவர் தேர்தலில் போசை ஆதரித்த அவர்கள், கட்சி பிளவுபடக் கூடாது என்று கருதிப் பந்த் தீர்மானத்தில் நடுநிலை வகித்தனர். இரண்டாவது, கேள்வி மாறியிருந்தது. ஜனவரியில் கேட்கப்பட்டது ‘போசா, பட்டாபியா’ என்று. திரிபுரியில் கேட்கப்பட்டது ‘காந்தி வேண்டுமா, வேண்டாமா’ என்று. போசுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் காந்தியின் தலைமையை இழக்க விரும்பாதவர்கள். போஸ் தாமே அப்படித்தான் கூறினார். மற்ற அனைவரின் நம்பிக்கையையும் பெற்று, காந்தியின் நம்பிக்கையைப் பெறாமல் போனால் அது தமக்குத் துயரமே என்று வெற்றிக்குப் பின் அறிக்கை விட்டார்.

எதிர்த்தரப்பின் உத்தி இங்கே தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் வாக்குகளை மறு எண்ணிக்கைக்குக் கொண்டுசெல்லவில்லை. பட்டியலைச் சரிபார்க்கவும் கோரவில்லை. வென்றவரிடம் பதவியை விட்டுவிட்டு, அப்பதவியின் முதன்மையான அதிகாரத்தை மட்டும் மாநாட்டு வாக்கின் மூலமே எடுத்துக்கொண்டனர்.

கல்கத்தாவில் முடிவு

மாநாட்டுக்குப் பின் காந்தியடிகளுக்கும் போசுக்கும் இடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. இரு தரப்பினரும் இடம்பெறும் கலப்புச் செயற்குழுவைப் போஸ் முன்மொழிந்தார். அடிப்படைக் கருத்து வேறுபாடு இருக்கும்போது அத்தகைய குழு இயங்காது என்று காந்தியடிகள் மறுத்தார். போஸ் தம் விருப்பப்படி ஒருமித்த குழுவை அமைத்துக்கொள்ளட்டும் என்றார். பந்த் தீர்மானமோ காந்தியின் விருப்பப்படி அமைக்க வேண்டும் என்றது. பெயர்களைச் சொல்லக் காந்தியடிகள் முன்வராததால் போஸ் குழுவை அமைக்கவே இயலாத நிலை உண்டானது.

ஏப்ரல் இறுதியில் கல்கத்தாவில் அகில இந்திய காங்கிரஸ் குழு கூடியது. பழைய செயற்குழு தொடரட்டும் என்ற அடிப்படையில் நேரு ஒரு சமரச யோசனை கூறினார். அது ஏற்கப்படாமல் போஸ் விலகினார். ராஜேந்திர பிரசாத் தலைவரானார். மே 3 அன்று போஸ் பார்வர்டு பிளாக் அமைப்பை அறிவித்தார். ஆகஸ்டில் காங்கிரஸ் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தல் பதவிகள் வகிக்கத் தகுதியற்றவராக்கியது. செப்டம்பரில் அவர் மதுரைக்கு வந்தார். தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவர் அவ்வமைப்பின் முதன்மைத் தலைவராக விளங்கினார். 1940 ராம்கர் மாநாட்டுக்கான தேர்தலில் ஆசாத், எம். என். ராயை 1,864-க்கு 183 என்ற கணக்கில் வென்றார். நெருக்கமான போட்டிக்கு அங்கு இடமே இருக்கவில்லை.

புதுக்கோட்டையும் தமிழ்நாட்டுக் காங்கிரசும்

சித்தன்னவாசலை உள்ளடக்கிய இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி, 1939-இல் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானமாக இருந்தது. 1948 மார்ச் 3 அன்றுதான் அது சென்னை மாகாணத்துடன் இணைந்தது. சமஸ்தானங்களில் மக்கள் நடத்தும் போராட்டங்கள் காங்கிரசின் பெயரில் நடக்கக் கூடாது என்று 1938 ஹரிபுரா மாநாடு தீர்மானித்திருந்தது. திரிபுரியில் போஸ் வற்புறுத்தியவற்றுள் இக்கட்டுப்பாட்டை மாற்ற வேண்டும் என்பதும் ஒன்று. ஆங்கிலேய இந்தியாவில் நடந்த இப்போட்டியின் முடிவு சமஸ்தானக் குடிகளையும் தொட்டது இவ்வாறே.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் அரசியல் நடத்தியதோ சென்னையில்தான். தமிழ்நாட்டுக் காங்கிரசில் ராஜாஜிக்கு எதிரணியின் முகமாக அவர் இருந்தார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் குழுத் தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி அணி காமராசரை நிறுத்தியது. ராஜாஜி அணி கோவையைச் சேர்ந்த சி. பி. சுப்பையாவை நிறுத்தியது. காமராசர் 103, சுப்பையா 100. மூன்று வாக்குகளில் கிடைத்த அந்த வெற்றி, அடுத்த பல ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டுக் கட்சியமைப்பைக் காமராசர் கையில் வைத்தது.

203 வாக்கில் வென்றவர் மூன்று மாதத்தில் விலக, மூன்று வாக்கில் வென்றவர் நிலைத்தது எப்படி என்று கேட்கத் தோன்றும். மாகாணக் குழுத் தலைவர் பதவியின் அதிகாரம் பற்றி அங்கே தகராறு இல்லை. மேலும் காமராசர் வட்டந்தோறும் தொண்டர்களை நேரில் அறிந்தவர். அமைப்பே அவருடைய பலம்.

அமைப்பு பலமும் எப்போதும் போதவில்லை. 1946-இல் சென்னை மாகாணப் பிரதமராக ராஜாஜியை ஏற்குமாறு காங்கிரஸ் மேலிடம் பரிந்துரைத்தது. சட்டமன்றக் கட்சி அதை 148-க்கு 38 என்ற கணக்கில் நிராகரித்தது. அடுத்து நடந்த தலைவர் தேர்தலில் காமராசர் ஆதரித்த முத்துரங்க முதலியாரை த. பிரகாசம் 82-க்கு 69 என்று வென்றார். தமிழ் உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றதே ஆந்திரத் தலைவரான பிரகாசத்துக்கு வழி திறந்தது. அவரும் ஓராண்டு நிறைவதற்குள், 1947 மார்ச்சில், கட்சிக்குள் பெரும்பான்மை இழந்து விலகினார். 1954-இல் ராஜாஜி விலகியபோது நடந்த போட்டியில் காமராசர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். முதலமைச்சரான காமராசர், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தோற்ற அணி வெளியே நின்று குழி பறிக்கக் காரணம் இல்லாமல் போயிற்று.

அமெரிக்க ஒப்பீடு: 2008

கட்சித் தேர்தலில் எந்த வாக்கு செல்லும் என்ற தகராறு பிற நாடுகளிலும் எழுந்துள்ளது. 2008-இல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியில் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதிய வேட்பாளர் தேர்வு அதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. அங்கும் மாநிலந்தோறும் பிரதிநிதிகளைச் சேர்ப்பதே போட்டி. கட்சி விதித்த தேதிக்கு முன்பே மிச்சிகன் ஜனவரி 15 அன்றும், புளோரிடா ஜனவரி 29 அன்றும் வாக்கெடுப்பு நடத்தின. விதியை மீறியதால் அவ்விரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் செல்லாதவர்களாக அறிவிக்கப்பட்டனர். ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தம் பெயரையே நீக்கிக்கொண்டார்; கிளிண்டன் நீக்கவில்லை.

இரண்டிலும் முன்னிலை பெற்ற கிளிண்டன், போட்டி நெருங்கியபோது அவ்வாக்குகளைக் கணக்கில் சேர்க்கக் கோரினார். ஒபாமா தரப்போ தொடக்கத்திலிருந்தே மொத்த வாக்கை விடப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் குறிவைத்தது. வாக்குச்சாவடி முறைக்குப் பதிலாகக் கட்சிக் கூட்டங்கள் நடந்த சிறு மாநிலங்களில் அது கூடுதல் உழைப்பைச் செலுத்தியது. டெக்சாஸ் மாநில வாக்கெடுப்பில் கிளிண்டன் வென்றும், அங்கு அதிகப் பிரதிநிதிகளைப் பெற்றவர் ஒபாமாவே. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு கூடி, இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு என்று முடிவு செய்தது. ஒபாமா பெயரே இல்லாத மிச்சிகனில் பிரதிநிதிகளைக் கிளிண்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்தது. ஜூன் 3 அன்று ஒபாமா பெரும்பான்மையை எட்டினார். நான்கு நாட்களில் கிளிண்டன் போட்டியிலிருந்து விலகி அவருக்கு ஆதரவு அறிவித்தார்.

அரை வாக்கு என்பது கணக்கில் அழகான தீர்வு அன்று. இரு தரப்பிலும் குறைபட்டவர்கள் இருந்தனர். ஆயினும் தகராறைக் கேட்டு முடிவு சொல்லும் குழு ஒன்று இருந்தது. அதன் கூட்டம் வெளிப்படையாக நடந்தது. முடிவு வந்தபின் தோற்றவர் அதை ஏற்றார். 1939-இல் இம்மூன்றில் ஒன்றும் நிகழவில்லை. ஐயம் எழுப்பப்பட்டது, விசாரிக்கப்படவில்லை. செயற்குழுவே ஒரு தரப்பாக இருந்ததால் நடுநிலையில் முடிவு சொல்ல எவரும் இல்லை.

மதிப்பீடு

இத்தேர்தலைப் பற்றிய வாதங்களில், போசைச் சதி செய்து வீழ்த்தினர் என்பது ஒரு முனை. கட்சியின் ஒற்றுமையைக் காக்க வேறு வழியில்லை என்பது மறு முனை. இரண்டும் முழு உண்மை ஆகா. பந்த் தீர்மானம் மறைவில் நடந்த சூழ்ச்சி அன்று. மாநாட்டில் முறையாக வாக்கெடுத்து நிறைவேறியது. அதே நேரத்தில், வென்ற தலைவர் தம் குழுவைத் தாமே அமைக்க முடியாதென்றால், அத்தேர்தலில் வாக்களித்த 1,580 பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு மூத்த தலைவர்கள் விடை சொல்லவில்லை.

போசின் பக்கத்திலும் ஒரு கணக்குப் பிழை இருந்தது. தமக்குக் கிடைத்த வாக்குகள் அனைத்தும் தம் திட்டத்துக்குக் கிடைத்த வாக்குகள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வங்கத்தின் பற்று, தமிழ்நாட்டின் உள்ளூர்ப் பகை, சோசலிஸ்டுகளின் தற்காலிக ஆதரவு ஆகியவை கலந்த கூட்டணி அது. ஒரு நாள் வாக்கெடுப்பில் வெல்ல அக்கூட்டணி போதுமானதாக இருந்தது. அதைத் திரிபுரி வரை சிதறாமல் கொண்டுசெல்லும் அமைப்பு அவரிடம் இல்லை, உடல்நலமும் இடங்கொடுக்கவில்லை.

பட்டாபி சீதாராமையா ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1948-இல், காங்கிரஸ் தலைவரானார். போஸ் 1941 ஜனவரியில் கல்கத்தாவின் வீட்டுக் காவலிலிருந்து தப்பி நாட்டை விட்டு வெளியேறினார். 1939-இல் ஐயம் எழுப்பப்பட்ட உறுப்பினர் பட்டியல்களில் எத்தனை பெயர்கள் உண்மையானவை என்பது அத்தேர்தலுக்காக ஒருபோதும் சரிபார்க்கப்படவில்லை. வாக்குப் பட்டியலின் நம்பகம், பதவியின் வரையறுத்த அதிகாரம், தகராறைத் தீர்க்கும் நடுநிலை அமைப்பு ஆகிய மூன்றும் தேர்தலுக்கு முன்பே உறுதியாக இல்லாவிட்டால், எண்ணிக்கையில் கிடைக்கும் வெற்றி நிலைக்காது என்பதற்கு இந்தத் தேர்தல் சான்றாக நிற்கிறது.